றோசாலியின் பழைய தண்ணீர்

நிரோஷன் றோசாலியைப் பற்றி மூன்று தடவை கடதாசி வாசித்தான்.

மூன்றாவது தடவை அவள் பெட்டிக்குள் இருந்தாள். கல்லறை மேட்டில் மழைத்தூறல். கம்பனி அனுப்பிய மலர்வளையத்தைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, "நொதிய மீட்பில் எங்கள் முன்னோடி" என்று அவன் தொடங்கியபோது பின்வரிசையில் நின்ற பூவம்மா மூக்கைச் சிந்தினாள். அழுகைக்கா வேறெதற்கா என்று சொல்ல முடியாது. குரல் நல்ல குரல். முதல் தடவை வாசித்ததும் அதே குரல்தான். அப்போது றோசாலி உயிரோடு நின்றாள், நாற்பது பேர் பார்க்க. கம்பனியை ஏமாற்றியவள் என்று வாசித்தான்.

இடையில் ஒரு வாசிப்பு உண்டு. அதை வாங்க அவளுக்கு ஏழு மாதம் பிடித்தது. சம்பள உயர்வு கேட்கவில்லை. பட்டம் கேட்கவில்லை. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்துகிற பெரட்டில் வாசித்ததைப் பெரட்டிலேயே பிழை என்று வாசிக்கவேண்டும். கேட்டது அவ்வளவுதான். கம்பனிக்கு அதைவிட ஒரு புது இயந்திரம் வாங்குவது லேசாக இருந்திருக்கும்.

கம்பனி என்பது பசறையிலிருந்து மேலே ஏறுகிற பாதையில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற மேல்பிரிவு லயங்களுக்குக் கீழே, மூடிக்கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். பரீட்சைக்குத் தாள் இல்லாமல் நாடு முழித்த வருஷத்தில் சிதம்பரநாதனின் கண் அதில் விழுந்தது. பதுளை பஜாரில் ஹாட்வெயார் கடைக்காரர். மூன்று தலைமுறையாக ஆணி விற்ற குடும்பம். ஆணி வாங்கியவன் வருஷத்துக்கு ஒருமுறை வருவான், தாள் வாங்குகிறவன் வாராவாரம் வருவான் என்று யோசித்தார். வாழைமட்டையும் மானாப்புல்லும் மலை முழுக்கக் கிடக்கிறது. எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரர் வாழைநார்ப் பெட்டியில் தேயிலை வாங்கினால் பூமியைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு தூங்குவார். யோசனை மோசமில்லை. ஸ்டோரை எடுத்தார். மணியையும் பெரட்டையும் சேர்த்தே எடுத்தார். காலை ஏழுக்கு மணி அடிக்கும், ஆட்கள் முற்றத்தில் வரிசையில் நிற்பார்கள், பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார்கள். கொழுந்து போய்க் கூழ் வந்தது. வரிசை அப்படியே இருந்தது.

வேலை இதுதான். மட்டையையும் புல்லையும் வெட்டி, சோடா போட்டு அவித்து, கழுவுவார்கள். பிறகு சீமெந்துத் தொட்டியில் கொட்டி, விறகடுப்பில் ஐம்பது பாகைக்குச் சுடவைத்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பை நொதியம் ஊற்றவேண்டும். கடல் கடந்து கேனில் வருகிற மண்ணிறத் திரவம். அது நாரின் மேலைக் கொஞ்சம் கடித்து இளக்கிவிடும். இளகிய நாரை அடித்துக் கூழாக்குகிற இயந்திரம் பாதி நேரத்தில் வேலையை முடித்துவிடும். மின்சாரம் மிச்சம். ஊறியதும் நாரை அழுத்தியில் போட்டுப் பிழிந்து, தண்ணீரைக் கழிவுக் கானில் விட்டுவிடுவார்கள்.

ஆட்கள் அதை மருந்து என்றார்கள். தோட்டத்தில் போத்தலில் வருகிற எல்லாமே மருந்து. களைக்கு அடிப்பதும் மருந்து, காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து.

றோசாலி இருபத்தேழு வருஷம் கொழுந்து எடுத்தவள். கணவன் யேசுரத்தினம் நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டான். ஐம்பத்து நான்கு வயதில் முழங்கால் மலை ஏற மறுத்தபோது, ஒரே இடத்தில் நிற்கிற வேலை என்று தொட்டிக்கு வந்தாள். முதல் நாளே ஒன்றைப் பார்த்தாள். பிழிந்த தண்ணீர் ஆவி பறக்கப் பறக்கக் கானில் ஓடியது.

அவள் ஒன்பது வயதில் விறகு சுமக்கத் தொடங்கியவள். சுடுதண்ணீரைக் கொட்டுவது அவளுக்குச் சோற்றைக் கொட்டுவது. மேல்பிரிவில் பதினாறு ஒற்றையறைக் காம்பராவுக்கு ஒரு குழாய். அங்கே ஒரு குடம் தண்ணீர் மூன்று உத்தியோகம் பார்த்துவிட்டுத்தான் ஓய்வுபெறும்: அரிசி கழுவி, பாத்திரம் கழுவி, கடைசியில் கோவாப் பாத்திக்கு. இங்கே ஒரே உத்தியோகத்தோடு, அதுவும் சூடு ஆறுமுன்னே, வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் வாரம் தன் மரக்கறிப் பாத்திக்கு வைத்திருந்த ரப்பர் குழாயில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு வந்தாள். அழுத்தியின் வாயில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை ஒரு நீலப் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலுக்குள் விட்டாள்.

அழுத்தியில் நின்றவள் பூவம்மா.

"என்னக்கா, கான் தண்ணிய வீட்டுக்குக் கொண்டு போறியா?"

"சூடு போகுதுடி. கைய வச்சிப் பாரு."

"போனா ஒனக்கென்ன? வெறகு மொதலாளி வெறகுதானே."

"வெறகு அவரு வெறகு. ஊதுறது என் நெஞ்சு."

அந்தத் தண்ணீரை அடுத்த தொட்டிக்கு ஊற்றினாள். முக்கால்வாசிச் சூடு அதிலேயே இருந்தது. இரண்டு மணி நேரம் எரித்த அடுப்பு அரை மணியில் முடிந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தொட்டி இறக்கிய இடத்தில் மூன்று இறங்கியது. தொழில்நுட்ப அலுவலர் நிரோஷன் இதைக் கவனித்தான். அதாவது மூன்று என்ற எண்ணைக் கவனித்தான், குழாயை அல்ல. சிதம்பரநாதனிடம் போய், தன்னுடைய நேர முகாமைத்துவத்தின் பலன் என்று சொன்னான். அவர் ஒரு மேசை விசிறி கொடுத்தார், தன் கடையிலிருந்தே.

மூன்றாம் வாரம் தாள் கிழியத் தொடங்கியது. நனைந்த பப்படம் மாதிரி மூலைமூலையாகப் போனது. பெட்டி மடிக்கிற இடத்தில் வாய் பிளந்தது. நிரோஷன் ஒவ்வொரு நாளும் தாளைச் சோதித்து, வாரக் கடைசியில் கணினியில் சராசரி எடுத்தான். சராசரிக்குள் நல்ல திங்களும் கெட்ட வியாழனும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தன. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. மருந்து போதவில்லை என்று முடிவுகட்டினான். கோப்பை ஒன்றரையானது. தாள் இன்னும் மோசமானது.

றோசாலிக்குச் சராசரி தெரியாது. கிழமை தெரியும். சனிக்கிழமை பின்னேரம் பரல் தண்ணீரில் வாடை வரும், கொட்டிவிடுவாள். திங்கட்கிழமை புதுத்தண்ணீர். திங்கள் தாள் நல்ல தாள். புதன் வந்தால் கோளாறு. அப்படியானால் கோளாறு பரலுக்குள் இருக்கிறது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் போன் எடுத்தாள்.

மகள் லக்ஷிகா மேல்பிரிவின் முதல் பொறியியலாளர். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்வதில்லை, "எஞ்சினியர் புள்ள"தான். கொழும்புக்குக் கிட்ட ஒரு சாயத் தொழிற்சாலையில் இரசாயன வேலை. அந்த மத்தியானம் அவள் முன்னால் ஒரு பம்பு உடைந்து கிடந்தது.

"லச்சி, அந்த மருந்து ஒருவாட்டி போட்டா முடிஞ்சிருமா? இல்ல தண்ணியில இருக்குமா?"

"எந்த மருந்தும்மா?"

"நாரு மருந்து. நொதியம்."

"ஒரு மணித்தியாலத்துல செத்துரும்மா அது. பழைய தண்ணியெல்லாம் ஊத்திருங்க. அவங்க எழுதித் தந்திருக்கிற மாதிரியே செய்ங்க."

"அது தேயாதுன்னு நீதானே சொன்ன?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"ஓ எல் சோதனைக்கி. கத்திக் கத்திப் படிச்சியே. தான் மாறாது, சுத்தி இருக்கிறத மாத்திப்புடும்னு."

லக்ஷிகா சிரித்தாள். "அது சோதனைக்கிம்மா. இது ஃபெக்டரி. வேல கெடக்கு, வைக்கிறேன்."

வைத்தாள்.

ஊக்கி இரசாயனத் தாக்கத்தில் செலவாகாது. நொதியம் ஓர் ஊக்கி. ஐம்பது பாகையில் அது ஒரு மணி நேரத்தில் சாகவும் சாகாது. கொஞ்சம் நாரோடு ஒட்டிக்கொண்டு போகும், மிச்சம் தண்ணீரிலேயே அடுத்த வேலைக்குக் காத்திருக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிற வரி. நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் இருந்தவளுக்கு அது மறந்திருந்தது. கொழுந்து எடுத்தவளுக்கு ஞாபகம் இருந்தது. காம்பராவின் நடுத்தட்டி சாக்குத் தட்டி. மகள் படித்ததைக் கேட்காமல் இருக்க அவளுக்கு வழியிருக்கவில்லை.

இனி யாரைக் கேட்பது? றோசாலி கூழைக் கேட்டாள். ஒரு சிட்டிகை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து இழுப்பாள். மயிர் மாதிரி இழுபட்டு வந்தால் பதம். களி மாதிரி வழுக்கினால் மருந்து கூடிவிட்டது. அப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு வழிக்கு வந்தாள். திங்கட்கிழமை ஒரு கோப்பை. செவ்வாய் அரை. புதனிலிருந்து கால். சனிக்கிழமை, கோப்பையின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கழுவி ஊற்றினால் போதும். தாள் கிழிவது நின்றது. பூவம்மா ஒரு பெட்டிக்குள் கல்லைப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைய வச்சுத் தூக்கலாம் போல இருக்கேக்கா" என்றாள்.

ஒரு பிழை நடந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. தொட்டிப் பதிவுத்தாளில் "நொதியம்: ஒன்றரைக் கோப்பை" என்று அச்சிலேயே இருந்தது. கையெழுத்துக்கு மட்டும்தான் இடம். றோசாலி போய்க் கேட்டாள்.

"சார், கொறைச்சுப் போட்டா எங்கிட்டு எழுதுறது?"

"கொறைக்கிற பேச்சே இல்ல. நீங்க கையெழுத்த மட்டும் வைங்க."

வைத்தாள். மூன்று மாதம் தினமும் வைத்தாள். பொய்க் கையெழுத்துதான். நிரோஷனோ ஒன்றரைக் கோப்பை பலித்துவிட்டது என்று மகிழ்ந்து, அந்தக் கணக்குக்கே புதுக் கேன்களை வரவழைத்தான்.

மூன்றாம் மாத முடிவில் சாமான் அறையைத் திறந்து கேன்களை எண்ணினார்கள். நாலு கேன் இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தது.

தோட்டத்தில் சாமான் குறைந்தால் காவல்காரனை நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். குறைவது இயற்கை. கூடினால்தான் ஆபத்து. யாரோ தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். கேன்களுக்கு ஓடர் போட்டவன் நிரோஷன். சிதம்பரநாதன் கேள்வி கேட்கும் முன்பே அவன் பதிலை அச்சடித்துவிட்டான். மறுநாள் பெரட்டில் வாசித்தான்.

"நிறுவனம் விதித்த அளவு நொதியத்தைத் தாங்கள் இடாது, மூன்று மாத காலமாகக் குறைத்து இட்டும், அதனை மறைத்துக் கையொப்பமிட்டும் நிறுவனத்தை ஏமாற்றியுள்ளீர்கள். இது முதலாவது எச்சரிக்கையாகும். இரண்டாவது கடிதத்துடன் வேலையிலிருந்து நிறுத்தப்படுவீர்கள்."

நாற்பது பேரும் றோசாலியைப் பார்த்தார்கள். அவள் நிரோஷனைப் பார்த்தாள்.

"கையெழுத்து பிழைதான் சார். ஒத்துக்கிறேன். ஆனா தாள் நல்லா வந்துச்சே, அது எப்படின்னு மத்தப் பாதிய வாசிங்க."

"மத்தப் பாதி இல்ல."

"இருக்கு. நீங்க எழுதல."

தொட்டியிலிருந்து எடுத்து முற்றம் கூட்ட விட்டார்கள். கடதாசியை மடித்து ஒரு பால்மா உறைக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அது அவள் பையிலேயே இருந்தது.

பெரட்டில் ஒருமுறை வாசித்தது லயத்தில் நூறு தடவை வாசிக்கப்படும். அந்தோனியார் கோயிலில் பீடத்துக்குப் பூ வைக்கிற முறை அவளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு. அந்த ஞாயிறு ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "என்ன றோசாலிக்கா, பூவாச்சும் முழு அளவா?" எல்லாரும் சிரித்தார்கள். றோசாலியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அன்றைக்குச் சமைக்கவில்லை.

தொட்டிக்கு வேறொருவரை நிறுத்தினார்கள். நிரோஷனே பக்கத்தில் நின்று ஒன்றரைக் கோப்பையை அளந்து ஊற்றவைத்தான். ரப்பர் குழாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அது என்னத்துக்கு என்று யாருக்கும் தெரியாது, இயந்திரத்தோடு வந்தது என்று நினைத்துக்கொண்டார்கள். பழைய தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது, மேலே ஒன்றரை ஒன்றரையாக மருந்து ஏறியது. பத்து நாளில் நார் கஞ்சியானது. எல்லவில் ஒரு கடையில் ஒரு வெள்ளைக்காரி பெட்டியைக் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது அடி கழன்று, அரைக் கிலோ தேயிலை அவள் செருப்பில் கொட்டியது. படம் நன்றாக வந்திருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்.

அந்தக் கிழமைதான் லக்ஷிகா உயிர்த்த ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. துணி துவைக்கிற பீலிக்கரையில் பூவம்மா பிடித்துக்கொண்டாள்.

"எஞ்சினியர் புள்ள, ஒங்கம்மாவ பெரட்டுல வச்சு நாறடிச்சது ஒனக்குத் தெரியுமா? போன்ல சொல்லியிருக்க மாட்டாளே."

"என்னத்த சொல்லல பூவம்மாக்கா?"

பூவம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பரலை, குழாயை, கால் கோப்பை அளவை. லக்ஷிகா துவைத்ததைப் பாதியில் போட்டுவிட்டு ஏறி வந்தாள். அம்மா வாசலில் கோவா நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா. அன்னிக்கி போன் எடுத்தது இதுக்கா?"

"ஆமா. நீ வேலையா இருந்த."

அம்மா கோவாவைக் கொஞ்சம் பொடிசாக நறுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பதுளைக்கு பஸ்ஸில் இறங்கி, நேரே சிதம்பரநாதனின் ஹாட்வெயார் கடைக்குப் போனார்கள். லக்ஷிகாவின் கையில் ஒரு சோடாப் போத்தல் நிறையப் பரல் தண்ணீர். சுவரில் அலங்காரத் தாள் ஒட்டுகிற பசைத்தூள் ஒரு பைக்கற் கேட்டாள். அதுவும் நாருக்குச் சொந்தக்காரன்தான், அதே பொருளிலிருந்து செய்தது. இரண்டு கிளாஸில் பசையைக் கரைத்து, கரண்டி நிற்கிற அளவுக்குத் தடிக்கவைத்தாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர் கொஞ்சம். மற்றதில் போத்தல் தண்ணீர் கொஞ்சம். சிதம்பரநாதன் கல்லாவை விட்டு எழும்பி வந்தார்.

அரை மணியில் ஒரு கிளாஸில் கரண்டி நின்றது. மற்றதில் விழுந்து கிடந்தது.

"நம்ம பசை கெட்டுப்போச்சுன்னு காட்டவா வந்தீங்க?"

"பசை நல்ல பசைங்க. நீங்க கான்ல ஊத்துற தண்ணி அதைவிட நல்லது."

சொன்னாள். மருந்து தண்ணீரில் மிச்சமிருப்பதை, அம்மா அதைத் திருப்பி எடுத்ததை, அதற்கேற்ப அளவைக் குறைத்ததை. சிதம்பரநாதன் தொழில் தெரிந்தவர். பாதி கேட்கும்போதே முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப கேன் நாலுல ஒரு பங்கு போதுமா?"

"அதுக்கும் கொறைச்சலாக்கலாங்க."

அதையும் சொன்னாள். சனிக்கிழமை கொட்டப்போகிற தண்ணீரில், திங்கட்கிழமைக்கான நாரைச் சுடவைக்காமல் போட்டு வைப்பது. குளிரில் மருந்து நாரை அதிகம் கடிக்காது, ஆனால் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு நாரை வைத்துக்கொண்டு வாடைத் தண்ணீரை மட்டும் கொட்டலாம். றோசாலி இதைக் கவனமாகக் கேட்டாள்.

"அப்ப நாயித்துக்கெழமையும் அதுக்கு லீவு இல்லையா?"

"இல்லம்மா."

"பாவம். யூனியன்ல சேரச் சொல்லு."

சிதம்பரநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். நாளைக்கே தொட்டிக்கு வரச் சொன்னார். றோசாலி பால்மா உறையை மேசையில் வைத்தாள்.

"இதுங்க மொதலாளி?"

"அட, அது பழைய கதை. கிழிச்சுப் போடுங்க."

"வாசிச்சது பெரட்டுல. நான் வீட்டுல கிழிச்சா எப்படிங்க சரியாகும்? பெரட்டுல பிழைன்னு வாசிக்கச் சொல்லுங்க."

"பார்ப்போம்."

பதுளையில் பார்ப்போம் என்றால் பார்க்கமாட்டோம் என்று அர்த்தம். பசறைக்கும் அதே அகராதிதான்.

தொட்டிக்குத் திரும்பினாள். தாள் நன்றாக வந்தது. கேன்கள் தேங்கின, இந்தத் தடவை யாரும் பயப்படவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டிக்கு மேலே ஒரு பலகை ஏறியது. "நொதிய மீட்பு முறைமை. வடிவமைப்பு: தொழில்நுட்பப் பிரிவு." தொழில்நுட்பப் பிரிவில் இருந்தது நிரோஷனும் மேசை விசிறியும். ரப்பர் குழாய்க்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். பூவம்மா பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அக்கா, ஒன் பேரு பின்பக்கம் இருக்கோ?" என்று ஏணி வைத்துப் பார்த்தாள்.

ஒவ்வொரு திங்களும் பெரட்டு கலைகிற நேரம் றோசாலி கேட்பாள்.

"சார், அந்தக் கடதாசி?"

"ஃபைல்ல போட்டாச்சும்மா. அதையே எத்தன நாளைக்கி?"

"பெரட்டுல எல்லாரும் நிக்கிறாங்க சார். ரெண்டு நிமிசம்."

"அடுத்த கெழமை பார்ப்போம்."

கேட்டுக் கேட்டு அது ஒரு வேடிக்கையானது. அவள் வாயைத் திறக்கும் முன்பே வரிசையிலிருந்து யாராவது, "சார், அந்தக் கடதாசி?" என்று அவள் குரலில் கேட்பார்கள். அவளும் சிரித்துவிட்டுக் கேட்பாள். ஒரு திங்களும் விடவில்லை.

ஏழாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. சூழலுக்கு நல்ல தொழிற்சாலை என்று சான்றிதழ் கொடுக்கிறவர்கள். கிடைத்தால் பெட்டியில் ஒரு பச்சை இலை அச்சடிக்கலாம், விலையைக் கூட்டலாம். சிதம்பரநாதன் எல்லாருக்கும் தொப்பி வாங்கியிருந்தார். மணி அடித்து முற்றத்தில் வரிசையில் நிற்கவைத்தார். குழுவின் தலைவி ரிஸ்கா என்ற அதிகாரி. மெலிந்த பெண், தேத்தண்ணீர் வேண்டாம் என்றவர். பலகையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பதிவுத்தாள்களைக் கேட்டார். முற்றத்தில் நின்றபடியே புரட்டினார்.

"மருந்தை மீட்டு அளவைக் குறைச்சதா சொல்றீங்க. இதுல ஒவ்வொரு நாளும் ஒன்றரைக் கோப்பைன்னு இருக்கே?"

நிரோஷன் பதிவுத்தாளை மாற்றியிருக்கவில்லை. பழைய அச்சில் இன்னும் ஆயிரம் தாள் மிச்சமிருந்தது.

"அது... அச்சுப் படிவம், மேடம்."

"சரி. குறைச்சதுக்கு வேற எழுத்து இருக்கா? ஏதாச்சும் ஒண்ணு. தேதியோட, கம்பனி கையொப்பத்தோட."

நிரோஷன் சிதம்பரநாதனைப் பார்த்தான். அவர் தொப்பியைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் வரிசையிலிருந்து றோசாலி கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி.

"இருக்குங்க."

பால்மா உறையோடு முன்னால் வந்தாள். கடதாசியை எடுத்தாள், கொடுக்கவில்லை.

"மூணு மாசமா கொறைச்சுப் போட்டதா இதுல இருக்குங்க. கம்பனி எழுதினது. தேதி இருக்கு, சாரோட கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு. ஆனா இது இன்னும் முடியல. கீழ ஒரு வரி பாக்கி. மொதலாளி எழுதட்டும், சார் இங்கயே வாசிக்கட்டும். பொறவு தர்றேன்."

"என்ன வரி?" என்றார் ரிஸ்கா.

"அவங்களுக்குத் தெரியுங்க. ஏழு மாசமா தெரியும்."

ரிஸ்கா சிதம்பரநாதன் பக்கம் திரும்பினார். பிறகு பின்வரிசையில் பூவம்மா, றோசாலியின் குரலிலேயே, "சார், அந்தக் கடதாசி?" என்றாள்.

சிதம்பரநாதன் வியாபாரி. கையிலிருக்கிற சரக்கையும் கேட்கிற விலையையும் ஒரு பார்வையில் அளந்துவிடுவார். பேனாவை எடுத்தார். நிரோஷனின் முதுகில் கடதாசியை வைத்தே எழுதினார், வேறு மேசை அருகில் இல்லை.

நிரோஷன் வாசித்தான். முதலில் மேலே இருந்ததை; விதித்த அளவு இடாது, மறைத்து, ஏமாற்றி, எல்லாவற்றையும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கீழே இருந்ததை. "மேற்படி குற்றச்சாட்டு பிழையானது. அளவைக் குறைத்தது சரி. பழைய தண்ணீரை மீட்கும் முறையைக் கண்டுபிடித்தவர் றோசாலி. கடிதம் இரத்துச் செய்யப்படுகிறது."

நாற்பது பேரும் கேட்டார்கள். கோயில் பூவைக் கேலி செய்தவளும் அதில் இருந்தாள். ரிஸ்கா கடதாசியை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். பிரதி எடுத்துத் தருவதாகச் சொன்னார். வரவில்லை. றோசாலி கேட்கவுமில்லை. அவளுக்கு வேண்டியது கடதாசி அல்ல.

அன்று மத்தியானம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றே மகளுக்குப் போன் எடுத்தாள். நடந்ததை நிரோஷனின் குரலில் நடித்துக் காட்டினாள். லக்ஷிகா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"அம்மா, அன்னிக்கி நான் போன்ல சொன்னது..."

"அத நான் யாருக்கும் சொல்லல."

"சொல்லியிருக்கலாமே. பழைய தண்ணிய ஊத்தச் சொன்னதே நான்தானே."

"எஞ்சினியர் புள்ளைக்கித் தெரியலைன்னு லயத்துல சொல்லிட்டு நான் எங்க போய் நிக்கிறது? எனக்காச்சும் ஒரு கடதாசி கெடைச்சுது, பிழைன்னு வாசிக்க. ஒனக்கு எவன் வாசிப்பான்?"

"அம்மா..."

"தண்ணி ஆறுது புள்ள. வைக்கிறேன்."

அன்றைக்கு முதலில் வைத்தது றோசாலி.

ஐந்து மாதத்தில் போய்விட்டாள். நெஞ்சு. நாற்பத்தைந்து வருஷம் அடுப்பு ஊதிய நெஞ்சு. மருந்துக்குத் தேய்வில்லை. பச்சை வர்ணம் அடித்த குழாய் இன்னும் அங்கேதான் இருக்கிறது, பலகையும் இருக்கிறது. கல்லறை மேட்டில் நிரோஷன் வாசித்த மூன்றாவது கடதாசியில் அவள் மகளின் உயர்ந்த அறிவுக்கும் ஒரு நன்றி இருந்தது.

மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மறுக்கவில்லை. அம்மா கடைசிவரை சொல்லாததை அந்த இடத்தில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மேல்பிரிவு அதை இந்தக் கதையில்தான் முதல் தடவை படிக்கிறது.